கப்பலில் துண்டு போட்ட இடம்

இந்த வாரம் முதல் இப்பத்திக்கு ஒரு விதி உண்டு. நான் நேரில் கண்டது, அல்லது கண்டவரே என் எதிரில் அமர்ந்து சொன்னது – இவ்விரண்டு மட்டுமே இங்கே இடம்பெறும். ‘அறிந்தோர் கூறுவர்’ என்ற தொடரை என் பேனாவிலிருந்து விலக்கிவிட்டேன். ‘பொதுவாக’ என்ற சொல்லையும்.

ஏன் இந்தத் திடீர்க் கண்டிப்பு? இத்தனை ஆண்டுகளாக இல்லாத நேர்மை இப்போது எங்கிருந்து முளைத்தது? இரண்டாம் கேள்வியே தகுந்த கேள்வி. அதற்கு விடை சொல்லத்தான் இந்தப் பக்கம்.

சென்ற வியாழன் காலை, கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் வீட்டு வாயிலில் ஒருவர் வந்து நின்றார். வயது ஐம்பதைக் கடந்திருக்கும். வெளுத்த வேட்டி, முழுக்கைச் சட்டை, சட்டைப்பையில் நான்காக மடித்த ஒரு தாள்.

“ஏனுங்க, பத்தி எழுதற ஐயா ஊடு இதுதானுங்களா?”

“நான்தான். வாருங்கள்.”

“எடப்பாடியில இருந்து வாரேனுங்க. பேரு செங்கோடன். நாலு பவர்லூம் ஓடுது.” தாளை எடுத்து நீட்டினார். “இது நீங்க எழுதுனதுதானுங்களே?”

நான் எழுதியதுதான். கோடை தொடங்கும் முன்பு இதே பக்கத்தில் வந்த ‘முதன்முறை கப்பலேறுவோர்க்குச் சில குறிப்புகள்’. சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் உல்லாசப் பயணம் போய்வர விரும்புவோர்க்காக எழுதியது. யாரோ கத்தரிக்கோலால் பார்த்துப் பார்த்து நறுக்கியிருந்தார்கள். மடித்து மடித்து மடிப்பு வெளுத்திருந்தது. இரண்டு இடங்களில் பென்சிலால் அடிக்கோடு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் உள்ளம் குளிர்ந்தது. தன் எழுத்தை ஒருவர் நறுக்கி வைத்திருப்பதைக் காணும்போது எழுதுகிறவனுக்கு உண்டாகும் அற்பமான குளிர்ச்சி. நாற்காலியை இழுத்துப் போட்டேன். காபிக்குச் சொன்னேன். பாராட்டு எப்படி வரப்போகிறது என்று காத்திருந்தேன்...

அவர் காபியைத் தொடாமல் கேட்டார். “ஐயா கப்பல்ல போயிருக்கீங்களா?”

போனதில்லை.

நான் பார்த்த மிகப் பெரிய படகு பரிசல். அந்தக் குறிப்புகளை எனக்குச் சொன்னவர் என் நண்பர் ஒருவர். அவரும் போனதில்லை, அவர் மைத்துனர் போயிருந்தார். மைத்துனர் ஒருவர் சொன்னதை நண்பர் ஒருவர் சொல்ல, நான் அதற்கு ‘அறிந்தோர் கூறுவர்’ என்று பன்மையில் விகுதி கொடுத்து, சந்திப்பிழை இல்லாமல் எழுதி அனுப்பினேன். அச்சில் வந்தபோது ஒற்றெழுத்து ஒன்று விடுபட்டிருந்தது. அதற்காக ஆசிரியருக்குக் கடிதம் எழுதியவன் நான்.

பிழை எங்கே இருந்தது என்று இப்போது பாருங்கள். அடிக்கோடிட்ட வரிகள் இவை:

‘ஏறியவுடன் கீழ்ப்படுக்கையில் ஒரு துண்டை விரித்து இடத்தை உறுதி செய்துகொள்க.’

‘கப்பல் குறித்த வேளையில் ஒருபோதும் புறப்படாது, ஆதலின், இடம் பிடித்தபின் இறங்கி வந்து இரவு உணவு வாங்கிச் செல்லப் போதிய அவகாசம் உண்டு.’

எடப்பாடிக்காரருக்குத் துண்டு போடுவதைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டுமா? சேலம் பேருந்து நிலையத்தில் வண்டி வந்து நிற்பதற்குள் சன்னல் வழியாகத் துண்டு விழும். விழுந்த இடம் போட்டவருக்குச் சொந்தம். அவர் போய்த் தேநீர் குடிக்கலாம்; வெற்றிலை வாங்கலாம். வண்டி நகர்ந்தால் உள்ளிருப்பவரே கண்டக்டரிடம், “துண்டு போட்ட ஆளு இன்னும் வரலீங்க” என்பார். வண்டி நிற்கும். எழுதாத சட்டம், ஆயினும் எவரும் மீறாத சட்டம்.

செங்கோடன் அந்தச் சட்டத்தைத் துறைமுகத்துக்கு எடுத்துச் சென்றார். எடுத்துச் செல்லலாம் என்று அச்சில் உறுதி அளித்தவன் நான்.

பயணம் அவருக்காக அன்று. அவர் மனைவி பாவாயிக்காக.

“சின்னப் புள்ளையில மேட்டூரு டேம் ரொம்பி நின்னப்ப அவிங்கப்பன் கூட்டிட்டுப் போயிக் காட்டுனாருங்களாம். எல்லாரும் வாயப் பொளந்துட்டு நிக்க, இவ மட்டும், ‘அக்கட்ட கரை தெரியுதே’ன்னாளாம். சுத்தியும் கரையே இல்லாத தண்ணி எங்க இருக்குதுன்னு கேட்டாளாம். கண்ணாலம் ஆன புதுசுலயே எங்கிட்டச் சொல்லீட்டாளுங்க. ஆகட்டும் புள்ள, காட்டறேன்னேன். அப்பறம் தறி, பாவு, புள்ளைக்குக் கண்ணாலம்... இருவத்தெட்டு வருசம் ஓடிப் போச்சுங்க.”

மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. இந்தக் கோடையில்தான் காலம் கனிந்தது. அப்போதுதான் என் குறிப்புகளும் வந்தன. பாவாயிதான் நறுக்கி வைத்தாராம். கணவர் படித்துக் காட்ட, அடிக்கோடு போடச் சொன்னவரும் அவரே. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர், அச்சில் வந்தது பொய்யாக இராது என்று நம்பினார்.

கப்பலில் ஏறினார்கள். அடித்தளத்தில் ஒரு பெரிய கூடம். இரண்டடுக்காக இரும்புக் கட்டில்கள். அதற்குப் பங்க் கிளாஸ் என்று பெயர். கீழ்க்கட்டில் இரண்டில், ஒன்றில் இருவரின் பைகள், மற்றொன்றில் தம் துண்டு. மனைவியை மேல்தளத்தில் கம்பியோரம் காற்றாட நிற்க வைத்துவிட்டு, செங்கோடன் இறங்கித் துறைமுக வாயிலுக்கு வெளியே போய்த் தயிர்ச்சோற்றுப் பொட்டலம் இரண்டு வாங்கினார். இருவர் டிக்கெட்டும் அவர் சட்டைப்பையில் இருந்தன. என் குறிப்புத்தாளும் அங்கேதான் இருந்தது.

வாயிலில் சோதனை. வரிசை. திரும்பி வந்தபோது ஏணியை எடுத்துவிட்டிருந்தார்கள். கப்பல் குறித்த வேளையில், நிமிடம் தப்பாமல் புறப்பட்டது.

கப்பல் பேருந்துபோல் சட்டென்று போய்விடுவதில்லை என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். இது மிகக் கொடிய செய்தி. போகிறதா நிற்கிறதா என்றே தெரியாதபடி போகுமாம். கரைக்கும் கப்பலுக்கும் இடையே முதலில் ஒரு சாண் தண்ணீர். பிறகு ஒரு முழம். பிறகு ஒரு புடைவை நீளம். பேசினால் கேட்கும் தொலைவுதான்.

“ஏனுங்க, ஏறுங்க! ஏறுங்கங்கறேன்!”

“ஏணிய எடுத்துட்டாங்க பாவாயி!”

“நிறுத்தச் சொல்லுங்க!”

நிறுத்தச் சொன்னார். தமக்குத் தெரிந்த வழியில் சொன்னார். கைகளைத் தட்டி, பேருந்தை நிறுத்தும் குரலில், “ஓல்டான்! ஓல்டான்! ஆளு வரோணும், ஓல்டான்!” என்று கத்திக்கொண்டு கரையோரமாக ஓடினார். மூட்டை தூக்கும் தொழிலாளர் சிலர் நின்று சிரித்தார்கள்.

“இன்னா பெர்சு, டவுன் பஸ்ஸுன்னு நென்ச்சிக்கினியா? கண்டக்டரு தூங்கிட்டான் போல கீது, நல்லா விசிலு ஊது!”

இன்னொருவர் மட்டும் சிரிக்காமல் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினாராம். “தண்ணில உய்ந்துடாத நைனா. அது நிக்காது.”

பாவாயியின் கடைசிச் சொல் காற்றில் வந்தது: “துண்டு இருக்குதுங்க! எடத்த நாம் பாத்துக்கறேன்!”

இருபத்தெட்டு ஆண்டு காத்திருந்தவர் டிக்கெட் இல்லாமல், துணை இல்லாமல், தம் ஊர்ப்பேச்சு அன்றி வேறு அறியாமல் போய்க்கொண்டிருந்தார். நின்றவர் கையில் இரண்டு பொட்டலம் தயிர்ச்சோறு.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். கப்பல் அலுவலகத்தில் அழுது சொன்னார். அவர்கள் கம்பியில்லாத் தந்தி அனுப்பினார்கள். அம்மையார் நலம் என்று மறுமொழி வந்தது. போர்ட் பிளேரில் ஒரு தமிழ்க் குடும்பத்தார் வீட்டில் தங்கவைத்து, அதே கப்பலில் திருப்பி அனுப்பினார்கள். செங்கோடன் ஊர் வந்து, நாள் எண்ணி, மறுபடி சென்னை போய்க் கரையில் நின்றார். பாவாயி இரண்டு பைகளோடு இறங்கி வந்தார். துண்டை மடித்துத் தோளில் போட்டிருந்தார்.

“இந்தாங்க துண்டு,” என்றாராம். பிறகு, “அன்னிக்குச் சோறு தின்னீங்களா?” என்றாராம். அவ்வளவே.

“திட்டவே இல்லீங்க,” என்றார் செங்கோடன். “திட்டியிருந்தா நாம் பொழச்சுக்குவேன். சோறு ஆக்கறா. தறி ஓட்டறா. சந்தைக்குப் போறா, வாரா. அந்தக் கப்பலப் பத்தி மட்டும் கேட்டா, பேச்சு வேற பக்கம் போயிருதுங்க. இன்னொருக்காப் போலாம் புள்ளேன்னேன். ‘நாந்தேன் போயிட்டு வந்துட்டனே’ங்கறா.”

என்னால் அவர் முகத்தைப் பார்க்க இயலவில்லை. “நான் என்ன செய்ய வேண்டும்? மறுப்பு எழுதுகிறேன். மன்னிப்புக் கேட்கிறேன்...”

“அதெல்லாம் வேண்டாங்க. ஒண்ணே ஒண்ணு.” அவர் குரல் தணிந்தது. “அந்தக் கூடத்துல சன்னலே கெடையாதுங்க. நானே பாத்தேன். மேல ஏறிப் போனாத்தேன் கடலு தெரியும். இவ மேல ஏறிப் போனாளா, சுத்தியும் கரையில்லாத தண்ணியப் பாத்தாளா, இல்ல, துண்டுக்குக் காவலா அந்தப் பொந்துக்குள்ளாறயே உக்காந்துட்டாளா... அது எனக்குத் தெரியோணுமுங்க. எங்கிட்டச் சொல்ல மாட்டீங்கறா. எழுதறவங்க வந்து கேட்டாச் சொல்லுவா. நீங்க எழுதுனதுன்னா அவளுக்கு அத்தன நம்பிக்கை.”

இதைவிடப் பெரிய வசை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை எடப்பாடிக்குப் போனேன்.

தறிக்கூடத்தில் மின்சாரம் இல்லை. நான்கு தறிகளும் நின்றிருந்தன. அந்த ஊரில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை; தெருவே மூச்சை அடக்கிக்கொண்டது போல இருந்தது. பாவாயி அம்மாள் அறுந்த இழை முடிந்துகொண்டிருந்தார். மெலிந்த உருவம், விரல்கள் மட்டும் விரைவு.

“வாங்கண்ணா. கரண்டு போயிருச்சுங்க. நல்ல நேரத்துலதான் வந்தீங்க, இல்லாட்டிப் பேசறது காதுல உழுகாது.”

“அம்மா, நான்தான் அந்தக் கப்பல் குறிப்புகளை எழுதியவன்.”

“தெரியுமுங்க. இவர் சொன்னாரு.” நிமிர்ந்து பார்த்தார். “நீங்க எழுதுனதுல ஒண்ணு நெசமுங்க. துண்டு போட்டா ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க. போறப்ப நாலு நாளும் ஒருத்தரும் எடுக்கல.”

நான் தலைகுனிந்தேன்.

“ஆனா எத்தன பேரு வந்து கேட்டாங்க தெரியுங்களா? ‘காலியாத்தான கெடக்குது, கொஞ்சம் படுத்துக்கறேன்’னு. ‘இல்லீங்க, ஆளு வாராங்க’ன்னேன். நடுக்கடல்ல! ஒருத்தர் சிரிச்சுப்போட்டு, ‘நீந்தியா வாராரு?’ன்னாரு.”

அவரும் சிரித்தார். செங்கோடன் சிரிக்கவில்லை. கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு, நான் கேளாமலே, அவர் சொல்லத் தொடங்கினார். முதன்முறை கப்பலேறுவோர்க்கு எது தேவையோ அனைத்தையும் அவர் அறிந்திருந்தார். நான் எழுதிக்கொண்டேன். போய்வந்தவர் வாய்ச்சொல் இது, வாசகர் நம்பலாம்.

டிக்கெட்டை அவரவர் மடியில் அவரவர் வைத்துக்கொள்ள வேண்டும். கணவனும் மனைவியும் ஆனாலும். ஏறியபின் எதற்காகவும் இறங்கலாகாது. “புருசன் கீழ நின்னு கூப்புட்டாலும் எறங்கக் கூடாது, பொண்டாட்டி மேல நின்னு கேட்டாலும் சோறு வாங்கப் போகக் கூடாதுங்க,” என்றார். கப்பலிலேயே கேண்டீன் உண்டு. அன்றிரவே சோறு கிடைக்கும். தட்டும் லோட்டாவும் நம்முடையவை இருந்தால் நல்லது.

நல்ல தண்ணீர் குறிப்பிட்ட வேளையில்தான் வரும். வரும்போதே குடத்திலோ கேனிலோ பிடித்துவைக்க வேண்டும். குளிக்க வருவது உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்காது, தலைக்கு ஊற்றினால் முடி சடையாகிவிடும். புது ரப்பர்ச் செருப்பு இரும்புப் படியில் வழுக்கும். மேல்கட்டில் வேண்டாம். குமட்டலுக்கு அஞ்சிப் பட்டினி கிடப்பதும் வேண்டாம். வெறும் வயிறுதான் அதிகம் புரட்டும். பொரியும் பொட்டுக்கடலையும் கையோடு இருக்கட்டும். முகர்ந்துகொள்ள எலுமிச்சம்பழம் இரண்டு.

“வரும்போது மழைங்க. கப்பலு முறத்துல போட்டுப் பொடைக்கறாப்புல ஆடுச்சு. தலையத் தூக்கவே முடியல, படுத்தாப்புலயே மெட்ராசு வந்து சேந்தேன். போறப்ப அப்படி இல்லீங்க. அமைதியாத்தான் போச்சு.”

போகும்போது அமைதியான கடல். செங்கோடன் கதவோரத்திலிருந்து ஒரு அடி முன்னே வந்தார்.

“வழி தெரியாமல் தவித்திருப்பீர்களே, அம்மா?”

“எல்லாக் கதவும் ஒண்ணாட்டமே இருந்துச்சுங்க. எழுதிப் போட்டிருக்கறதப் படிக்கத் தெரியல. மொத நா பாத்ரூமுக்குப் போயிட்டு எடம் தெரியாம சுத்திச் சுத்தி அழுதுட்டேன். அப்பறம் பையில ஒரு செவப்பு நூல்கண்டு கெடந்துச்சு. ஊட்டுல இருந்து எப்படியோ வந்திருச்சு. திருப்பத்துக்குத் திருப்பம் கம்பியில ஒரு முடிச்சுப் போட்டேன். முடிச்சப் புடிச்சுட்டே போவேன், முடிச்சப் புடிச்சுட்டே வருவேன்.”

இதைக் கேட்டதும் செங்கோடன் என் கையைப் பற்றி வெளியே இழுத்துக்கொண்டு வந்தார்.

“ஐயா, அவ திரும்பி வந்தப்ப அந்தப் பையில நூல்கண்டே இல்லீங்க! நாந்தான் பிரிச்சு அடுக்குனேன். வெறும் அட்டைதான் இருந்துச்சு. பாத்ரூமுக்கு மூணு திருப்பம், நாலு திருப்பம் இருக்குமுங்களா? அதுக்கு ஒரு கண்டு நூலா? மேலயும் முடிச்சுப் போட்டிருப்பா! மேல ஏறிப் பாத்திருப்பாளுங்களா? பாத்திருப்பா, இல்லீங்களா?”

பழைய நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? ‘ஐயமே இல்லை, பார்த்திருப்பார்’ என்றிருப்பேன். அழகான வரி. ஆறுதலான வரி. மூன்று மாதத்துக்கு முன் நான் எழுதியவையும் அத்தகைய வரிகளே.

“தெரியவில்லை, செங்கோடன்,” என்றேன். “கேட்கிறேன்.”

உள்ளே போனேன். எத்தனையோ சொற்றொடர்களைக் கட்டிப் பழகியவன். அன்று ஒரு சிறு கேள்விக்கு வாய் எழவில்லை. எந்த உரிமையில் கேட்பது? இருபத்தெட்டு ஆண்டு இருவர் சேர்ந்து பார்க்கக் காத்திருந்த ஒன்றை ஒருவர் தனியே பார்த்தாரா என்று, அதைக் கெடுத்தவனே போய்க் கேட்பதா? பார்த்தேன் என்றால் கணவரை விட்டுவிட்டுப் பார்த்ததாக ஆகும். பார்க்கவில்லை என்றால்... அதைக் கணவர் எப்படித் தாங்குவார்? எந்த விடையானாலும் ஒருவரைக் கொல்லும். அந்த அம்மையார் இதை என்னினும் முன்பே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்று அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியது. தோன்றியது என்று மட்டுமே எழுதுகிறேன்.

ஆயினும் கேட்டேன். வாக்குக் கொடுத்திருந்தேன்.

“அம்மா... போகும்போது, மேல்தளத்துக்கு ஏறிக் கடலைப் பார்த்தீர்களா?”

அவர் கை நின்றது. விரலிடுக்கில் பாதி முடிந்த இழை. கதவுக்கு வெளியே செங்கோடனின் நிழல் அசையாமல் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த நிழலைப் பார்த்தார்.

தலைக்கு மேல் மின்விளக்கு எரிந்தது.

“கரண்டு வந்திருச்சுங்க,” என்று எழுந்தார். “மறுபடி போறதுக்குள்ள பாவ ஓட்டிப் போடோணும். காபி குடிச்சுட்டுத்தான் போகோணும், சொல்லிட்டேன்.”

முதல் தறி ஓடியது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. அக்கம்பக்கத்துத் தறிகளும் ஒருங்கே எழுந்தன. அதன்பின் அந்தத் தெருவில் எவர் பேசினாலும் எவருக்கும் கேட்டிராது.

காபி குடித்தேன். பேருந்து நிலையம் வரை செங்கோடன் உடன் வந்தார். சேலம் வண்டி வந்ததும், நான் தடுப்பதற்குள், தோளிலிருந்த துண்டை எடுத்து எனக்காகச் சன்னல் வழியே போட்டார். பழக்கம். போட்டபின் தம் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த இடத்தில் நான் எப்படி உட்கார்ந்து வந்தேன் என்பதை எழுதப்போவதில்லை.

இதை அச்சிடலாமா என்று அவரிடம் கேட்டேன். “போடுங்க. இன்னொருத்தனாவது எறங்காம இருப்பான்,” என்றார். ஆகவே எழுதுகிறேன். எழுத்தால் ஒருவருக்கு நன்மை விளையும் என்ற நம்பிக்கையால் அன்று. அந்த நம்பிக்கை என்னிடம் இப்போது இல்லை. முன்பு எழுதியது யார் யார் சட்டைப்பைகளில் இன்னும் மடித்துக் கிடக்கிறதோ என்ற அச்சத்தால். வைத்திருப்போர் கிழித்துவிடுக.

இனி, கணக்குத் தீர்க்கும் வேளை. உறுதியானவை: கப்பல் குறித்த நேரத்தில் புறப்பட்டது. துண்டு போட்ட இடத்தில் ஒருவரும் படுக்கவில்லை. போகும்போது கடல் அமைதியாக இருந்தது. நூல்கண்டு தீர்ந்து வந்தது.

கடைசி முடிச்சு எந்தப் படியில் விழுந்தது என்பது எனக்குத் தெரியாது.